சிறு வள்ளமும் அதன் உள்ளிருக்கும் நுரையும்

(அம்பிட்டியவில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 72 மைல் உள்ளே, நாற்புறமும் மலை சூழ்ந்த இந்த அம்பிட்டியவில் நின்றுகொண்டு, ஒரு சிறு படகின் உள்ளறைகளில் எந்த வகை நுரையை வைப்பது என்னும் விஷயத்தைப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் நம்மைச் சூழ்ந்துள்ள ஜலத்தின் அளவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1807 ஆம் ஆண்டில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைப்பித்த வாவி கண்டி நகரின் நடுவே கிடக்கிறது. மகாவலி கங்கை நகரை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. அக்கங்கையைக் கிழக்கே 122 மீற்றர் உயர அணையால் மறித்து 1985 இல் திறந்து வைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கம், பழைய தெல்தெனிய நகரத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டு, இருபதுக்கும் மேற்பட்ட சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்து நிற்கிறது. அதிலே திலாப்பியா பிடித்துச் சீவனம் நடத்தும் குடும்பங்கள் உண்டு. விடுமுறை நாளில் குழந்தை குட்டிகளோடு படகேறும் பிரயாணிகளும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்குகளினூடே புகுந்து அந்த நீர்ப்பரப்பின்மேல் வீசும் மாதங்களில், கடலையே காணாத ஒரு சிறு வள்ளம் கடலில் படும் பாட்டை அங்கே படுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இவ்வூரின் பெயரை இத்துணைக்கண்டம் முழுவதிலும் அறியச் செய்தது 1893 இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் நிறுவிய குருமடம். அது 1955 இல் பூனாவுக்குப் பெயர்ந்த பின்னரும் தேசிய குருமடம் இங்கே நிலைத்திருக்கிறது. இங்கே தத்துவமும் இறையியலும் பயிலும் இளைஞர்களிற் சிலர் நாளை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிலாபத்திலும் கரையோரப் பங்குகளுக்குச் செல்வார்கள். போன படகு திரும்பாத இரவில் கரையிலே காத்துநிற்கும் தாய்மார்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்பவர் அவ்வூர்ப் பங்குத்தந்தையே. அந்தப் படகினுள் என்ன வைக்கப்பட்டிருந்தது, என்ன வைக்கப்படாதிருந்தது என்பதை முன்கூட்டியே கேட்கக்கூடிய ஒருவராக அவர் இருப்பாரானால், அவ்விரவுகளிற் சில வராமலே போகும்.

நான் சொல்ல வந்தது இதுதான். உள்ளே நுரை நிரப்பியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு படகு மூழ்காது என்று எவரும் நம்பலாகாது. எந்த நுரை, எவ்வளவு, எந்த இடத்தில் என்னும் கேள்விகளோடு, அதை வருஷத்துக்கு ஒருமுறையேனும் வெளியே எடுத்துப் பார்க்க வழியுண்டா என்ற கேள்வியையும் கேட்கவேண்டும். என் அபிப்பிராயத்தில் மற்றெல்லாவற்றினும் முந்தியது இக்கடைசிக் கேள்வியே.

நம் முன்னோர் இக்கேள்வி எதையும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவுமில்லை. கட்டுமரம் கட்டினவன் நீரினும் இலேசான மரங்களையே தேர்ந்து கயிற்றால் பிணைத்தான். அலை அதன்மேல் ஏறி இறங்கினாலும் மிதப்புக் கெடுவதில்லை. மரத்தைக் குடைந்து செய்த ஓடமும், ஓடாவி பலகை இழைத்துக் கட்டிய வள்ளமும், நீர் நிறைந்துவிட்டாலும், ஏற்றிய பாரம் மிகுதியாயிராவிட்டால், விளிம்பளவுக்கேனும் மேலே நின்று, பற்றிக்கொள்ளும் மனிதனைத் தாங்கும். நம் ஓடாவிகளின் கைத்திறமை எத்தகையது என்பதற்கு, வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததே போதிய சாட்சி. இதைச் சொல்லாமல் படகைப் பற்றிய எந்தப் பேச்சையும் தொடர எனக்கு மனம் வருவதில்லை.

மரம் அருகியது, விலையும் ஏறியது. காரைநகரில் நோர்வே நாட்டவரின் உதவியோடு எழுந்த சீநோர் போன்ற தொழிற்சாலைகள் கண்ணாடியிழையையும் பிசினையும் கொண்டு படகு வார்க்கத் தொடங்கின. 2004 டிசம்பர் 26 ஆந் திகதிய ஆழிப்பேரலை நம் கரையோரப் படகுகளைப் பெரும்பகுதி அழித்துவிட்டபோது, ஆயிரக்கணக்கான கண்ணாடியிழைப் படகுகள் மிகக் குறுகிய காலத்தில் வார்க்கப்பட்டு வழங்கப்பட்டன. அவற்றுள் செவ்வையாகக் கட்டப்பட்டவையும் இருந்தன. கடலுக்குத் தகாதவையும் இருந்தன. இலேசு, புழுப் பிடிக்காது, வருஷா வருஷம் பழுதுபார்க்க வேண்டியதில்லை என்ற நன்மைகள் பல கண்ணாடியிழைக்கு உண்டு. ஆனால் அந்தப் பதார்த்தம் நீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. மரத்திலிருந்து இதற்கு மாறிய அன்றே, நீர் நிறைந்தபின்னும் மிதக்கும் சுபாவம் நம் படகுகளை விட்டு நீங்கிற்று; இயந்திரத்தைப் பின்புறத்தில் மாட்டிய கண்ணாடியிழைப் படகு நீர் நிறைந்தால், பின்புறம் முதலில் அமிழ, அணியம் வானை நோக்க, சில நிமிஷங்களில் அடி சேர்கிறது. இழந்த அந்தச் சுபாவத்தை மீண்டும் கொடுக்கும் யுக்திதான் நுரை.

காற்றடைத்த அறை போதாதா என்று கேட்கலாம். அறை ஒன்று; அதில் ஒரு வெடிப்பு, ஓர் ஆணித்துவாரம், ஒரு மூடியின் தேய்ந்த வளையம் என ஏதேனும் ஒன்று போதும், அறை முழுவதும் பயனற்றுப்போகும். நுரையோ தேனடைபோல் எண்ணிறந்த சிற்றறைகளால் ஆனது. ஓரிடம் உடைந்தாலும் மற்றவை காற்றைக் காத்து நிற்கும். இதற்கு முன்னோடியாக 1854 இல் இங்கிலாந்தின் உயிர்காப்புப் படகுச் சங்கத்தைச் சேர்ந்த கப்டன் வார்ட் என்பவர் தக்கைத் துண்டுகளைக் கோத்து மேற்சட்டை செய்தார். பின்னாளில் நம் நாட்டிலும் வளரும் இலவமரத்தின் பஞ்சு அதே காரியத்துக்குப் பயன்பட்டது. எண்ணெய் பட்டால் அப்பஞ்சு மிதப்பிழந்து நெருப்புக்கும் இரையாகும் என்ற உண்மையைக் கடலில் உயிர்கொடுத்தே மாலுமிகள் கற்றார்கள். 1937 இல் ஜெர்மனியில் ஒட்டோ பேயர் பொலியூரித்தேன் இரசாயனத்தைக் கண்டார். 1940களில் அமெரிக்காவின் டவ் நிறுவனம் வார்த்த பொலிஸ்ரைறின் நுரை கடற்காவற் படையின் உயிர்த்தெப்பத்தில் இடம்பெற்றது. பின்னர் 1958 இல் ரிச்சர்ட் ஃபிஷர் என்னும் அமெரிக்கர், இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கிடையே பொலியூரித்தேன் நுரையை நிரப்பி, பொஸ்ரன் வேலர் என்ற 13 அடிப் படகை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1961 இல் லைஃப் சஞ்சிகையில் வெளியான படங்களில், அவர் படகில் அமர்ந்திருக்கவே அதை நடுவில் வாளால் அறுத்து இரண்டாக்குவதையும், பாதிப் படகை அவர் ஓட்டிச் செல்வதையும் உலகம் கண்டது. மூழ்காத படகு என்ற எண்ணம் ஜனங்களின் மனத்தில் வேரூன்றியது அன்றுதான். எந்த நுரையும் போதும் என்ற தவறான எண்ணமும் அதன் நிழலிலேயே வளர்ந்தது.

நம் கடைவீதியில் மிக எளிதாகக் கிடைப்பது ரெஜிபோம்; தமிழ்நாட்டார் தெர்மோகோல் என்பார்கள். கரையோரத்திலிருந்து கண்டிக்கு மீன் வரும் வெள்ளைப் பெட்டிகள் இதனால் ஆனவை. சிறு மணிகளை நீராவியால் பொங்கவைத்து ஒட்டச் செய்வதால், மணிக்கும் மணிக்கும் இடையே நுண்ணிய வழிகள் தங்கிவிடுகின்றன. ஜலம் அவ்வழிகளில் மெல்ல மெல்ல இறங்குகிறது. பெற்றோல் பட்டால் கண்ணெதிரே கரைந்து குழம்பாகும். மண்ணெண்ணெயும் நாளடைவில் அதைக் கெடுக்கும். நம் நாட்டுச் சிறு படகுகளின் இயந்திரங்களிற் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை என்பதை இங்கே மறக்கலாகாது. படகு வார்க்கும் பொலியெஸ்ரர் பிசினிலுள்ள ஸ்ரைறின் என்ற திரவமும் இதைத் தின்றுவிடும். ரெஜிபோம் கட்டியின்மேல் நேரே கண்ணாடியிழை பூச முயன்றவர்கள், அது பூசப் பூச உள்வாங்கிப்போவதைக் கண்டு திகைத்திருக்கிறார்கள். எபொக்சி பிசின் அப்படிக் கெடுப்பதில்லை, ஆனால் விலை மிகுதி. எறும்பு இதில் கூடு கட்டும், எலி குடையும், வெயில் பட்டால் பொடியாகும், உதிர்ந்த மணிகள் மீனின் வயிற்றுக்குப் போகும். உணவு கட்டும் ரெஜிபோம் பெட்டிகளை அரசாங்கம் 2017 செப்டெம்பர் 1 முதல் தடைசெய்தது நாமறிந்ததே. இத்தனை குற்றங்கள் இருந்தும், அடர்த்தி மிகுந்த கட்டியாய் வாங்கி, தடித்த பொலித்தீனில் இறுகச் சுற்றி, எரிபொருளுக்கு எட்டாத இடத்தில், எடுக்கவும் வைக்கவும் தக்கபடி பொருத்தினால், கையில் காசில்லாதவனுக்கு ரெஜிபோமும் ஒரு துணையே. அதை இகழ்ந்து, ஒன்றுமே வைக்காமல் போகச் சொல்ல நான் துணியமாட்டேன்.

அதே பொலிஸ்ரைறினை மணியாக்காமல் உருக்கி, அச்சின் வாயிலாக அழுத்தித் தள்ளி வார்த்த பலகைகள் நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் வருகின்றன. கூரைக்கும் குளிரறைக்கும் வெப்பத்தடையாக இவற்றை விற்கிறார்கள். இவற்றின் கண்ணறைகள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று ஒட்டியவை. எனவே ரெஜிபோமைவிட மிகக் குறைந்த நீரையே உறிஞ்சுகின்றன. பெற்றோலுக்கு அஞ்சும் குணம் மட்டும் தாயிடமிருந்து வந்தது போகவில்லை.

பொலியெதிலீன் நுரை மெத்தென்றிருக்கும். நீச்சல் பழகும் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் நீண்ட வண்ணக் குழல்கள் இதனாலேயே ஆனவை. பெற்றோலும் மண்ணெண்ணெயும் இதைக் கரைப்பதில்லை; நீரும் எளிதில் ஏறாது. பசை ஒட்டாதாகையால் பட்டியால் கட்டியே பொருத்தவேண்டும். விலையும் சற்று அதிகம். இயந்திரத்துக்கும் எரிபொருட் கலத்துக்கும் அருகே வைப்பதற்கு இதைவிடத் தகுந்தது எனக்குத் தெரிந்தவரையில் இல்லை.

பொலியூரித்தேனைப் பற்றி நான் சற்று நின்று பேசவேண்டும். ஏனெனில் படகு கட்டுவோர் மிக விரும்புவதும், படகு வாங்குவோர் மிக ஏமாறுவதும் இதிலேதான். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால், அக்கலவை இருபத்தைந்து முப்பது மடங்கு பொங்கி, எந்தக் கோணலான மூலையையும் நிரப்பி, சுவரோடு ஒட்டிக்கொண்டு இறுகுகிறது. பெற்றோல் இதை எளிதில் கெடுப்பதில்லை. பொலியெஸ்ரர் பிசினும் கரைப்பதில்லை. படகின் அடித்தட்டுக்கு உறுதியும் கூடுகிறது. இவ்வளவு நன்மைகளையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலக்கும்போது எழும் ஐசோசயனேற் ஆவி நுரையீரலுக்குப் பகை. ஒரேயடியாக மிகுதியாய் ஊற்றினால் உள்ளே உஷ்ணம் ஏறிக் கருகும். பொங்கும் வேகத்தில் மெல்லிய படகின் வயிறே புடைத்துவிடும். நம் கண்டிப் பிரதேசத்தில் மழைக்கால ஈரக்காற்றில் திறந்து வைத்த ஐசோசயனேற் ஈரத்தோடு சேர்ந்து கெடுவதால், கண்ணறைகள் ஒழுங்கின்றி அமைந்துவிடுகின்றன.

இவையெல்லாம் கவனமாயிருந்தால் தவிர்க்கக்கூடியவை. தவிர்க்கமுடியாத குறை வேறொன்று. ஊற்றிய நுரை உள்ளே பூட்டப்பட்டுவிடுகிறது. அதன்மேல் தட்டு ஒட்டப்படுகிறது. பின்னர் அத்தட்டில் எவரோ ஒரு கொளுவியைப் பொருத்துவதற்காகத் திருகாணி முறுக்குகிறார். அந்த வழியாகவும், மேல்தட்டும் பக்கமும் சேரும் பொருத்து வழியாகவும் துளித்துளியாக ஜலம் இறங்குகிறது. இறங்கியது வெளியேற வாயில் இல்லை. வருஷக்கணக்காய் நீரில் ஊறிக்கிடக்கும் நுரையின் கண்ணறைச் சுவர்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. உள்ளே மரச்சட்டம் இருந்தால் அதுவும் உளுத்துப்போகிறது. பழைய படகுகளை அறுத்துப் பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கான கிலோ நீரைச் சுமந்த நுரையைக் கண்டிருக்கிறார்கள். காப்பதற்காக வைத்த பொருள் பாரமாகிவிட்டது. படகின் சொந்தக்காரருக்கோ, முன்னைப்போல் வேகமில்லையே, இயந்திரம் தேய்ந்துவிட்டதோ என்ற சந்தேகம் மாத்திரமே எழுகிறது. அமிழும் நாள் வரையில் உண்மை வெளிப்படுவதில்லை. கண்ணால் பார்க்கமுடியாத இடத்தில் உயிரைக் காக்கும் பொருளை வைத்து மூடுவதை நான் எதிர்ப்பது இதனால்தான். வேலர் படகைப் போல, நுரையே படகின் முதுகெலும்பாய் அமைந்த கட்டுமானத்தில் வேறு வழியில்லை; அங்கே ஒவ்வொரு திருகாணித் துவாரத்தையும் பிசினிட்டு அடைப்பதும், படகை அவ்வப்போது நிறுத்துப் பார்ப்பதுமே செய்யத்தக்கவை. திறந்த சாதாரண வள்ளத்துக்கு ஊற்று நுரை வேண்டியதில்லை.

எவ்வளவு நுரை என்ற கணக்குக் கடினமானதன்று. விக்டோரியாவில் ஓடக்கூடிய ஒரு கண்ணாடியிழைப் படகின் உடல் 200 கிலோ என்று கொள்வோம். நீருக்குள் அது தன் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே காட்டும். அது 67 கிலோ. சிறிய வெளியிணைப்பு இயந்திரத்துக்கு முழுக் கனமாக 40 கிலோ, நங்கூரம் முதலியவற்றுக்குப் பத்து. மனித சரீரம் நீரில் தானே மிதக்கும் தன்மையுடையதாகையால், தலையும் தோளும் மேலே நிற்பதற்கு ஆளுக்குப் பதினைந்து கிலோ தாங்கினால் போதும், நால்வருக்கு அறுபது. மொத்தம் 177, அதனுடன் காற்பங்கு சேர்த்து 220 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நன்னீரில் ஒரு கன அடி நல்ல நுரை, தன் கனம் போக, ஏறத்தாழ 27 கிலோவைத் தாங்கும். ஆகவே எட்டுக் கன அடி வேண்டும். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானதாகையால் கடலில் இன்னும் சற்றுக் குறைவாகப் போதும். நீர்த்தேக்கத்துப் படகுக்கு அந்தச் சலுகை இல்லை. நுரை வாங்கவே வசதியில்லாதவர், மூடி இறுகிய ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்கள் 150 ஐ வலைப்பையில் இட்டு இருக்கைகளின் கீழ் கட்டினால் ஏறக்குறைய அதே தாங்குசக்தி கிடைக்கும். எடுத்துப் பார்க்கலாம், நசுங்கியதை மாற்றலாம் என்பதால், மூடி மறைத்த விலையுயர்ந்த நுரையைவிட அந்தப் போத்தல்களை நான் அதிகம் நம்புவேன்.

இடத்தைப் பற்றிய தவறே உயிரை அதிகம் வாங்குவது. நுரையை அடித்தட்டின் கீழ் வைப்பது எளிது, இடமும் வீணாகாது. ஆனால் நீர் நிறைந்த படகில், அடியிலுள்ள நுரை மேலெழத் துடிக்கும்; மேலே பின்புறத்தில் தொங்கும் இயந்திரம் கீழிறங்கத் துடிக்கும்; இரண்டும் சேர்ந்து படகைத் தலைகீழாய்ப் புரட்டிவிடும். வழுக்கும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாழிகை கிடக்கமுடியும்? நுரையின் பெரும்பகுதி விளிம்புக்குச் சற்றுக் கீழே இருபக்கத்திலும் நீளமாகவும், குறுக்கு இருக்கைகளின் அடியிலும், இயந்திரத்தின் கனத்தை ஈடுசெய்யும் வகையில் பின்மூலைகளில் சற்று மிகுதியாகவும் இருக்கவேண்டும். அப்போதுதான் நீர் நிறைந்தபின்னும் படகு நிமிர்ந்து மட்டமாக நின்று, உள்ளே இருப்பவரை உள்ளேயே வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 1971 ஆம் ஆண்டுப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள், 20 அடிக்குக் குறைந்த வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் இவ்வாறு மட்டமாக மிதக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தின. 2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உயிரிழந்தது பரந்த கடலில் அன்று, கரை கண்ணுக்குத் தெரியும் களப்பிலே. தூரம் குறைவு, நீர் அமைதி என்பவை எந்த மிதவைக்கும் விதிவிலக்குக் கொடுக்கக் காரணங்களாகா.

நுரையைப் பிணைக்கும் விஷயத்தில் ஒன்று சொல்வேன். சாதாரணமாக நாம் எதையும் கீழே விழாதபடிதான் கட்டுகிறோம். இங்கே விசை மேல்நோக்கியது. இருக்கைக்குக் கீழுள்ள மூன்று கன அடி நுரை எண்பது கிலோ விசையோடு இருக்கையைப் பிடுங்கியெறியப் பார்க்கும். ஆகையால் இருக்கையே படகின் பக்கங்களோடு உறுதியாய் ஒட்டப்பட்டிருக்கவேண்டும். விளிம்போரத்து நுரைக்கும் கீழிருந்து தாங்கும் சட்டத்தைவிட மேலிருந்து அழுத்தும் பட்டியே முக்கியம்.

படகு வாங்கச் செல்வோர் பணம் கொடுக்குமுன் இருக்கையின் பலகையைக் கழற்றிக் காட்டும்படி கேளுங்கள். கழற்ற இயலாதென்றால், கை நுழையும் அளவு திறப்பும் மூடியும் வைத்துத் தரச் சொல்லுங்கள். பின்னர் இடுப்பளவு நீரில், கரையோரத்தில், இயந்திரத்துக்குப் பதிலாக அதே எடையுள்ள இரும்பைப் பின்புறத்தில் கட்டி, படகில் நீரை விளிம்புவரை நிரப்பி, நால்வர் ஒரே பக்கத்தில் ஏறி நின்று பாருங்கள். அதன்பின் ஓரிரவு அப்படியே விட்டுவைத்து, காலையில் நீர்மட்டம் விளிம்பில் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வைகாசி பிறந்து காற்றுத் தொடங்குமுன் இதைச் செய்துவிடுவது நல்லது. நுரைக் கட்டி ஒவ்வொன்றையும் பொருத்துவதற்கு முன் நிறுத்து, எடையையும் திகதியையும் அழியாத மையினால் அதன்மேலேயே எழுதுங்கள். ஆண்டுதோறும் வெளியே எடுத்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். எடை கூடியிருந்தால் அந்தக் கட்டியை மாற்றிவிடவேண்டும். வெயிலில் உலர்த்தித் திரும்ப வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒருமுறை உடைந்த கண்ணறை வழியாக அடுத்த மாரியில் ஜலம் முன்னிலும் விரைவாகவே ஏறும்.